பிரேசில் கரும்பு எத்தனால் ஐரோப்பாவுக்குப் போகும் வழி: நிலைத்தன்மைச் சான்று பெற ஒரு முழுமையான வழிகாட்டி

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு தொட்டிகளில் எத்தனால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கரும்பிலிருந்து வடித்தவை, தரமும் ஒன்றுதான். ஒன்றுக்கு நிலைத்தன்மைச் சான்று, அதாவது காட்டை அழிக்காமல், உமிழ்வைக் குறைத்துத் தயாரித்தது என்ற சான்று இருக்கிறது, மற்றதற்கு இல்லை. சான்று இல்லாததை பெட்ரோலில் கலந்தாலும் ஐரோப்பிய எண்ணெய் நிறுவனம் சட்டப்படி நிறைவேற்ற வேண்டிய புதுப்பிக்கத்தக்க எரிபொருள் கடமையில் அது சேராது. எரிபொருளாக அதை வாங்க அங்கே யாருக்கும் காரணம் இல்லை.

அந்தச் சான்றை எப்படிப் பெறுவது, அதை வைத்து எப்படி விற்பது என்பதை பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலத்து ஆலை ஒன்றை மனதில் வைத்து எழுதுகிறேன். சர்க்கரை ஆலையிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ தணிக்கைத் துறையிலோ இருப்பவர்களுக்கு இது பயன்படும். பிரேசிலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1975இல் புரோஆல்கூல் என்ற தேசிய எத்தனால் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அந்த நாடு இதே தொழிலில் இருக்கிறது. 2003இல் பெட்ரோலும் எத்தனாலும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஓடும் ஃபிளெக்ஸ் கார்கள் சந்தைக்கு வந்தன. 2025 ஆகஸ்ட் முதல் அங்கே விற்கும் பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். நம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கோ 419, கோ 290 ரகங்கள் ஒரு காலத்தில் அந்த மண்ணில் பரவலாக விளைந்தவை என்பது நமக்குக் கூடுதல் உறவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தணிக்கையாளர் வந்து போகும் இரண்டு மூன்று நாளில் சான்று தீர்மானமாவதில்லை. வயலின் எல்லைக்கோடு, உரக் கணக்கு, எடைமேடைச் சீட்டு, தொட்டி இருப்புப் பதிவேடு, இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த நான்கைப் பற்றியவையே.

படி 1: முதலில் சந்தையைத் தீர்மானியுங்கள்

பலர் எந்தச் சான்று வாங்கலாம் என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். எங்கே விற்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. ஒவ்வொரு சந்தைக்கும் சட்டம் வேறு, கணக்கு வேறு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆள்வது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நெறிமுறை. முதல் வடிவம் 2009இல் வந்தது, இரண்டாவது 2018இல், திருத்திய மூன்றாவது 2023இல். இந்தக் கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றியதே.

அமெரிக்காவில் 2007 சட்டத்தின் கீழ் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் திட்டம் நடக்கிறது. 2010இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கரும்பு எத்தனாலை 'மேம்பட்ட உயிரி எரிபொருள்' வகையில் சேர்த்தது. பசுங்குடில் வாயு உமிழ்வை 50 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்பது அந்த வகைக்கான நிபந்தனை. மக்காச்சோள எத்தனால் பொதுவாக இந்த வகையில் வராது என்பதால் கரும்புக்கு அங்கே தனி மதிப்பு. கலிஃபோர்னியா மாநிலத்துக்குத் தனியாகக் குறைகார்பன் எரிபொருள் தரநிலை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு கார்பன் செறிவு எண் கணக்கிட்டு, அதற்கேற்ப விலை அமைகிறது. ஜப்பான் எத்தனாலை இ.டி.பி.இ. என்ற கலவைப் பொருளாக்கிப் பயன்படுத்துகிறது, அங்கும் உமிழ்வுக் குறைப்பு நிபந்தனை உண்டு. விமான எரிபொருளாக மாற்றுவதற்கு எத்தனால் விற்பவர்கள் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் கோர்சியா என்ற உமிழ்வு விதிகளைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் விமான எரிபொருள் விதியோ உணவுப் பயிரிலிருந்து வரும் எரிபொருளை ஏற்பதே இல்லை. சாறிலிருந்து வடித்த எத்தனாலை அந்த வழியில் விற்க நினைப்பவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பிரேசிலுக்குள்ளேயே விற்றாலும் ஒரு முறை இருக்கிறது. ரெனோவாபியோ என்ற அந்தத் திட்டம் 2017 டிசம்பரில் சட்டமானது. அதில் பதிவான ஆலை, தவிர்த்த ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் 'சிபியோ' என்ற ஒரு பத்திரம் வெளியிடலாம். அது சாவோ பாவ்லோ பங்குச் சந்தையில் விற்பனையாகிறது. எரிபொருள் விநியோகஸ்தர்கள் வாங்கியே ஆக வேண்டும். பிரேசில் ஆலைகள் வடிப்பதில் பெரும் பங்கு உள்நாட்டிலேயே எரிகிறது, ஏற்றுமதி சிறு பகுதிதான். அதனால் அங்கே ஓர் ஆலை பெரும்பாலும் இரண்டு கணக்கையும் ஒன்றாகப் பராமரிக்க வேண்டியிருக்கும்.

படி 2: சான்றுத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஐரோப்பிய ஆணையம் தானே சான்று தருவதில்லை. தன்னார்வத் திட்டங்களை அங்கீகரிக்கிறது, அவை வழியே சான்று வருகிறது. 2011 ஜூலை 19 அன்று முதல் தவணையாக ஏழு திட்டங்களை அங்கீகரித்தது. கரும்புத் தொழிலுக்கு அவற்றில் இரண்டு முக்கியம்.

ஒன்று பொன்சுக்ரோ. கரும்புக்கென்றே உருவானது, லண்டனில் இயங்குகிறது. முதல் சான்று 2011 ஜூனில் சாவோ பாவ்லோ மாநிலத்தில் ரைசென் நிறுவனத்தின் மராகாய் ஆலைக்குக் கிடைத்தது. சர்க்கரைக்கும் எத்தனாலுக்கும் ஒரே சான்று போதும் என்பது இதன் வசதி. குளிர்பான, மிட்டாய் நிறுவனங்களுக்குச் சர்க்கரை விற்கும் ஆலைக்கு இது இரட்டைப் பயன். ஐரோப்பாவுக்கு எத்தனால் அனுப்ப வேண்டுமானால் அடிப்படைச் சான்றோடு ஐரோப்பிய நெறிமுறைக்கான கூடுதல் பகுதியையும் சேர்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று ஐ.எஸ்.சி.சி., ஜெர்மனியின் கொலோன் நகரிலிருந்து இயங்குவது. எல்லாப் பயிருக்கும் பொருந்தும். வணிகர்கள், சேமிப்புக் கிடங்குகள், கலப்பு நிலையங்கள் எனச் சங்கிலி முழுதும் பரவியிருப்பதால் வாங்குபவர்கள் பலர் இதையே கேட்கிறார்கள்.

என் யோசனை இது: சர்க்கரையும் எத்தனாலும் விற்கும் ஆலையானால் பொன்சுக்ரோவில் தொடங்குங்கள். எத்தனால் மட்டும் விற்கிறீர்கள், வாங்குபவர் ஜெர்மனியில் இருக்கிறார் என்றால் ஐ.எஸ்.சி.சி. போதும். எதுவானாலும் ஆணையத்தின் தற்போதைய அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கீகாரம் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான், புதுப்பிக்காமல் போன திட்டங்களும் உண்டு.

படி 3: சங்கிலியை ஒரு தாளில் வரையுங்கள்

வயல், ஆலை, வணிகர், துறைமுகக் கிடங்கு, கப்பல், ரோட்டர்டாம் கிடங்கு, கலப்பு நிறுவனம். இதில் எத்தனாலைச் சட்டப்படி சொந்தமாக்கிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் சான்று வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதற்கு அப்புறம் வருபவர்களின் சான்று செல்லாது. ஆலை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து, நடுவில் வாங்கி விற்ற வணிகரின் சான்று காலாவதியாகியிருந்தால், அந்தச் சரக்கு முழுதும் சான்றில்லாத சரக்குதான். ஒப்பந்தம் போடும் நாளிலும், சரக்கு கைமாறும் நாளிலும், இரண்டு முறையும் எதிர்த்தரப்பின் சான்றைத் திட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள்.

படி 4: நிலம்

இதுவே அதிகம் கவனம் வேண்டிய இடம். மூன்று தேதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு 2007 டிசம்பர் 19. அதற்கு முன்பே திருத்திப் பயிரிட்ட நிலமாக இருக்க வேண்டும்.
ஐரோப்பாவுக்கும் கோர்சியாவுக்கும் 2008 ஜனவரி 1. அந்த நாளில் காடாகவோ சதுப்பாகவோ, ஐரோப்பிய விதிப்படி உயிர்வளம் மிகுந்த புல்வெளியாகவோ இருந்த நிலத்தைப் பின்னால் திருத்தியிருந்தால் அந்தக் கரும்பு தகுதி பெறாது.
ரெனோவாபியோவுக்கு 2017 டிசம்பர் 26. அதற்குப் பிறகு இயற்கைத் தாவரங்களை அகற்றிய நிலத்துக் கரும்பு சேராது. பண்ணை, 'கார்' என்ற தேசிய ஊரகச் சுற்றுச்சூழல் பதிவேட்டிலும் இருக்க வேண்டும்.

ஒரு வயலில் 2012இல் செராடோ என்ற பிரேசில் சவன்னாவின் புதர்க்காட்டை அழித்துக் கரும்பு நட்டிருந்தால் அது ரெனோவாபியோவில் நுழையலாம், ஐரோப்பாவில் நுழைய முடியாது. ஒரே ஆலைக்கு ஒரே நாளில் வரும் கரும்பு, இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக ஏறும். இதைக் குழப்பிக்கொள்ளும் ஆலைகள்தான் தணிக்கையில் தடுமாறுகின்றன.

நடைமுறையில் செய்ய வேண்டியது: ஒவ்வொரு வயலுக்கும் எல்லைக்கோட்டுக் கோப்பு எடுங்கள். ஒரு புள்ளியைக் குறித்து இதுதான் பண்ணை என்று காட்டினால் போதாது, வயலின் சுற்றளவு முழுதும் வேண்டும். அதை 2008க்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வையுங்கள். பிரேசிலில் இதற்குப் பெரிய வசதி இருக்கிறது. மாப்பியோமாஸ் திட்டம் 1985 முதல் ஆண்டுவாரியாக நிலப் பயன்பாட்டு வரைபடங்களை இலவசமாகத் தருகிறது. அமேசான், செராடோ காடழிப்புத் தரவை அந்நாட்டின் விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிடுகிறது. வரைபடம் 'மேய்ச்சல் நிலம்' என்று சொல்லும் இடத்தில் உண்மையில் மரங்கள் நின்றிருக்கலாம், அதனால் சந்தேகமான வயல்களுக்குப் படத்தையே கண்ணால் பாருங்கள்.

அப்புறம் வனச் சட்டம். 2012இல் வந்த பிரேசில் வனச் சட்டப்படி சாவோ பாவ்லோவில் ஒவ்வொரு பண்ணையிலும் 20 சதவீதம் இயற்கைத் தாவரங்களுக்கு ஒதுக்க வேண்டும், ஆற்றங்கரைகளிலும் காப்புப் பட்டை வேண்டும். பழைய சாகுபடி நிலங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. உள்நாட்டுச் சட்டத்தை மீறும் பண்ணையை எந்த நல்ல திட்டமும் ஏற்காது.

காடு இல்லை, வெறும் மேய்ச்சல் நிலம்தான், 2008க்குப் பிறகு கரும்புக்கு மாறியது என்றால்? மாநிலத்தின் மேற்குப் பகுதியிலும் கொயாஸ், மாட்டோ குரோசோ டோ சுல் மாநிலங்களிலும் இது சர்வசாதாரணம். இப்படிப்பட்ட நிலத்துக்குத் தடை இல்லை, ஆனால் மண்ணிலும் தாவரத்திலும் இழந்த கார்பனைக் கணக்கிட்டு 20 ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எத்தனாலின் தலையில் ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏறும் என்று பார்ப்போம். உதாரணத்துக்கு ஹெக்டேருக்கு 5 டன் கார்பன் இழப்பு. கார்பனை கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 3.664ஆல் பெருக்கி, 20 ஆண்டுக்குப் பகிர 20ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 916 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஹெக்டேருக்கு 80 டன் கரும்பு, டன்னுக்கு 85 லிட்டர் என்றால் 6,800 லிட்டர் எத்தனால். லிட்டருக்கு 21 மெகாஜூல் ஆற்றல் வீதம் 1,42,800 மெகாஜூல். ஆக, ஒரு மெகாஜூலுக்கு 6.4 கிராம் கூடுதல். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் வேலை இருக்கிறது.

படி 5: கார்பன் கணக்கு

பெட்ரோலுக்கு ஐரோப்பிய விதி வைத்திருக்கும் ஒப்பீட்டு எண் மெகாஜூலுக்கு 94 கிராம் கார்பன் டை ஆக்சைடு. எத்தனால் அதைவிட எவ்வளவு குறைவு என்பதுதான் சேமிப்பு. 2015 அக்டோபர் 5 வரை இயங்கத் தொடங்கிய ஆலைக்கு 50 சதவீதச் சேமிப்பு போதும். அதற்குப் பிறகு 2020 முடிய வந்தவற்றுக்கு 60. 2021 முதல் வந்தவற்றுக்கு 65.

கணக்கிட முடியாதவர்களுக்காக நெறிமுறையே ஓர் இயல்புநிலை மதிப்பு தருகிறது. கரும்பு எத்தனாலுக்கு அது 28.6 கிராம். அதன் உடைப்பைப் பாருங்கள்: சாகுபடி 17.1, ஆலை 1.8, போக்குவரத்து 9.7. ஆலைக்கு இவ்வளவு குறைவாக வரக் காரணம் சக்கை. கரும்பாலை தன் கொதிகலனுக்குச் சக்கையை எரித்துக்கொள்கிறது, வெளியிலிருந்து எரிபொருள் வாங்குவதில்லை. மிஞ்சும் மின்சாரத்தை விற்கவும் செய்கிறது.

28.6 என்றால் சேமிப்பு ஏறக்குறைய 70 சதவீதம். புதிய ஆலைகூடத் தாண்டிவிடும். இனி மேய்ச்சல் நிலக் கணக்கின் 6.4ஐச் சேருங்கள். 35.0 ஆகிறது, சேமிப்பு 63 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. பழைய ஆலை தப்பிக்கும், 2021க்குப் பிறகு வந்த ஆலை தோற்றுப்போகும். ஒரே வயல், ஒரே கரும்பு, ஆலையின் வயதை வைத்து முடிவு மாறுகிறது.

இயல்புநிலை மதிப்பே போதுமே, எதற்குக் கஷ்டப்பட்டு உண்மைக் கணக்குப் போட வேண்டும்? விலைக்காக. ஜெர்மனி 2015 முதல் எண்ணெய் நிறுவனங்களின் கடமையை லிட்டரில் அளக்காமல் உமிழ்வுக் குறைப்பில் அளக்கிறது. குறைந்த கிராம் எத்தனாலுக்கு அங்கே கூடுதல் விலை கிடைக்கும். கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான்.

உண்மைக் கணக்கில் நீங்கள் சேகரிக்க வேண்டியவை: விளைச்சல், யூரியா முதலான நைட்ரஜன் உரங்கள், சுண்ணாம்பு, பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்துக்குமான டீசல், வயலுக்குப் பாய்ச்சும் எரிசாராயக் கழிவுநீர், சாறு வடிகட்டிய கசடான பிரஸ் மட், தோகை எரித்த பரப்பு. இதில் அதிகம் அடிபடுவது நைட்ரஜன். மண்ணில் போட்ட நைட்ரஜனில் ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது, அதன் வெப்பத் தாக்கம் கார்பன் டை ஆக்சைடைப் போல 298 மடங்கு என்று 2018 நெறிமுறை எடுத்துக்கொண்டது.

ஹெக்டேருக்கு 100 கிலோ நைட்ரஜன் என்று வைத்துக் கணக்கிடுவோம். நேரடியாக வெளியேறுவது 1 சதவீதம், அதாவது 1 கிலோ நைட்ரஜன். நைட்ரஸ் ஆக்சைடாக மாற்ற 44ஆல் பெருக்கி 28ஆல் வகுத்தால் 1.57 கிலோ. 298ஆல் பெருக்கினால் 468 கிலோ. மேலே சொன்ன 1,42,800 மெகாஜூலில் பகிர்ந்தால் 3.3 கிராம். உரத் தொழிற்சாலையின் உமிழ்வு இதில் சேரவில்லை, அது தனி. இப்போது விளைச்சல் 80 டன்னிலிருந்து 60 டன்னாக விழுகிறது, உரம் அதேதான் என்றால் இந்த 3.3 கிராம் 4.4 ஆகிவிடும்.

அதனால்தான் வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பின் வயது முக்கியம். பிரேசிலில் ஒரு நடவிலிருந்து ஐந்தாறு வெட்டு எடுப்பது வழக்கம். கடைசி வெட்டுகளில் விளைச்சல் சரியும், உரம் சரியாது. கார்பன் எண்ணைக் குறைக்க விரும்பும் ஆலை முதலில் பார்க்க வேண்டியது பழைய கட்டைகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைத்தான். ஆலைக்குள் புது இயந்திரம் போடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள், செலவும் குறைவு.

இன்னொரு வாய்ப்பு போக்குவரத்து. 9.7 கிராம் என்பது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ரிபெய்ராவோ பிரேட்டோ வட்டாரத்திலிருந்து சாந்தோஸ் துறைமுகம் லாரியில் சுமார் 400 கிலோமீட்டர். 2013இல் திறந்த எத்தனால் குழாய்வழி ரிபெய்ராவோ பிரேட்டோவை சாந்தோஸ் வழியில் உள்ள பவுலீனியா நகரோடு இணைக்கிறது. அதில் அனுப்பினால் டீசல் மிச்சம், அதை உங்கள் கணக்கில் காட்டலாம்.

தோகை எரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவடைக்கு முன் தீ வைப்பதைப் படிப்படியாக நிறுத்த சாவோ பாவ்லோ 2002இல் சட்டம் போட்டது. 2007இல் மாநில அரசும் ஆலைகளும் ஓர் ஒப்பந்தம் செய்து, இயந்திரம் போகக்கூடிய வயல்களுக்கு 2014 என்று கெடுவை முன்னே கொண்டுவந்தன. இன்று பெரும்பகுதியைப் பச்சைக் கரும்பாகவே வெட்டுகிறார்கள். ஆனாலும் தற்செயல் தீ நடக்கும். தீப்பிடித்த வயல், பரப்பு, நாள் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். மறைத்தால் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 6: ஆலையின் வரவு செலவு

ஐரோப்பிய விதி கேட்பது பொருண்மைச் சமநிலை. சான்றுள்ள கரும்பும் சான்றில்லாத கரும்பும் ஒரே அரவையில் கலக்கலாம், ஒரே தொட்டியில் எத்தனாலாகச் சேரலாம். புத்தகத்தில் மட்டும் பிரிந்தே இருக்க வேண்டும். பொருளைத் தொடாமல் சான்றை மட்டும் தனியே வாங்கி விற்கும் முறையை ஐரோப்பா ஏற்பதில்லை.

ஓர் ஆலை பருவத்தில் 10 லட்சம் டன் அரைக்கிறது. 6 லட்சம் டன் சான்றுள்ளது. பாதிச் சாறு சர்க்கரைக்குப் போகிறது, பாதி எத்தனாலுக்கு. மொத்த எத்தனால் 4.25 கோடி லிட்டர் என்றால், சராசரியாக ஒரு டன் கரும்புக்கு 42.5 லிட்டர். சான்றோடு விற்கத் தகுதியானது 2.55 கோடி லிட்டர். அதற்கு மேல் ஒரு லிட்டரும் இல்லை. சர்க்கரைப் பக்கத்தில் அதே 6 லட்சம் டன்னின் பங்கை மட்டும் சான்றுச் சர்க்கரையாக விற்கலாம். இரண்டு பிரிவின் விற்பனை அதிகாரிகளும் ஒரே பதிவேட்டைப் பார்க்காவிட்டால் ஒரே கரும்பை இருமுறை விற்றுவிடுவார்கள். தனித்தனி மேலாளர், தனித்தனி மென்பொருள் என்று இருக்கும் ஆலைகளில் இதற்கு ஒருவரைப் பொறுப்பாக நியமிப்பதே ஒரே தீர்வு.

வரவையும் செலவையும் நேர்செய்ய வேண்டிய சமநிலைக் காலம் ஆலைக்கு அதிகபட்சம் மூன்று மாதம். அதன் முடிவில் சான்றுக் கணக்கு மைனஸில் இருக்கக்கூடாது. அடுத்த காலத்துக்கு எடுத்துச் செல்லும் சான்று அளவு, தொட்டியில் உண்மையில் இருக்கும் சரக்கை மிஞ்சக்கூடாது. விவசாயிகளுக்கும், வேளாண் விளைபொருளை மட்டும் சேகரிக்கும் முதல் சேகரிப்பு நிலையத்துக்கும் பன்னிரண்டு மாதம் வரை இடம் உண்டு.

வெவ்வேறு கார்பன் எண் உள்ள சரக்குகள் தொட்டியில் கலந்தால் சராசரி போடாதீர்கள். தனித்தனிச் சரக்காகவே கணக்கு வையுங்கள். ஒன்றாகச் சேர்த்தே ஆக வேண்டுமானால் அவற்றில் மோசமான எண்ணை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரேசில் ஆலைகளுக்கு இதில் ஒரு பலம் உண்டு. அங்கே விவசாயிக்கு கரும்பில் மீட்கக்கூடிய சர்க்கரை அளவை வைத்து விலை கொடுக்கும் கொன்செகானா முறை நடப்பதால், ஒவ்வொரு லாரிக்கும் எடைச் சீட்டும் ஆய்வக மாதிரி முடிவும் ஏற்கெனவே இருக்கும். எந்த வயல், எத்தனை டன், என்ன சர்க்கரை அளவு என்பது கையிலேயே உள்ளது. அந்தச் சீட்டில் வயலின் எண்ணும் படி 4இன் எல்லைக்கோட்டுக் கோப்பின் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி செய்தால் போதும். மத்திய-மேற்கு மாநிலங்களில் கரும்போடு மக்காச்சோளத்தையும் வடிக்கும் ஆலைகள் வந்துவிட்டன. அவர்கள் இரண்டு மூலப்பொருளையும் முதல் நாளிலிருந்தே பிரித்து எழுத வேண்டும்.

சக்கையிலிருந்து வடிக்கும் இரண்டாம் தலைமுறை எத்தனாலுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். நெறிமுறையின் ஒன்பதாம் இணைப்பில் சக்கை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. உணவுப் பயிர் எரிபொருளுக்கு உள்ள அதிகபட்ச 7 சதவீத உச்சவரம்பு அதற்குக் கிடையாது, விலையும் அதிகம். பிரசிகாபாவில் ரைசென் நடத்திய கோஸ்டா பிண்டோ ஆலை இந்த வழியில் முன்னோடி.

படி 7: வெட்டுபவர்கள், ஓட்டுபவர்கள்

ஐரோப்பிய நெறிமுறை கட்டாயமாக்கியிருப்பது நிலத்தையும் கார்பனையும்தான். தொழிலாளர் நிலைக்கு அதில் நேரடி நிபந்தனை இல்லை. எனக்கு இது பெரிய குறையாகவே தெரிகிறது. கரும்பு வெட்டுவது உடலை முறிக்கும் வேலை, டன் கணக்கில் கூலி பேசும் வேலை. பிரேசிலில் அடிமைநிலைக்கு ஒப்பான வேலை வாங்கிய முதலாளிகளின் பட்டியலை அரசே வெளியிடுகிறது, 'அழுக்குப் பட்டியல்' என்பது அதற்கு மக்கள் வைத்த பெயர்.

இந்த இடைவெளியைத் திட்டங்கள்தான் நிரப்புகின்றன. பொன்சுக்ரோவும் ஐ.எஸ்.சி.சி.யும் குழந்தைத் தொழில், கட்டாய உழைப்பு, குறைந்தபட்சக் கூலி, பாதுகாப்பு ஆகியவற்றைத் தணிக்கை செய்கின்றன. பொன்சுக்ரோவில் மையக் குறியீடுகள் எல்லாவற்றிலும் தேற வேண்டும், மற்றவற்றில் 80 சதவீதம். ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த ஆட்களும் இதில் சேர்த்தி. அவர்களுடைய ஊதியச் சீட்டு, தங்குமிடம், வயலில் நிழல், குடிநீர், இடைவேளை ஆகியவற்றைத் தணிக்கைக்கு முன் நீங்களே போய்ப் பாருங்கள். 'ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார்' என்ற பதிலுக்கு எந்தத் தணிக்கையாளரும் மதிப்பெண் தரமாட்டார், தரவும் கூடாது.

படி 8: தணிக்கை

அரவை நடக்கும்போது தணிக்கை வையுங்கள். மத்திய-தெற்குப் பகுதியில் அது ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை. ஆலை நின்றிருக்கும் மாதத்தில் வந்தால் வயலில் பார்க்கவும் பேசவும் ஆள் இருக்காது.

எல்லாப் பண்ணைக்கும் தணிக்கையாளர் போகமாட்டார். குழுவாகச் சேர்ந்த பண்ணைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுப்பது அடிப்படை. 144 பண்ணை இருந்தால் 12. அபாயம் அதிகம் என்று மதிப்பிட்டால் ஐ.எஸ்.சி.சி. முறையில் அது இரு மடங்கு, 24 ஆகும். பிரேசிலில் பண்ணைகள் பெரியவை, ஆலையே குத்தகைக்கு எடுத்து நடத்துவதும் அதிகம் என்பதால் எண்ணிக்கை கைக்கு அடங்கும். தமிழ்நாட்டில் 10,000 பதிவு விவசாயிகளை வைத்திருக்கும் ஆலை இதே வழியில் இறங்கினால் 100 வயல்களுக்குப் போக வேண்டும். சிறு விவசாயிகள் நாட்டில் சான்று ஏன் மெதுவாக நடக்கிறது என்பதற்கு இதுவே பாதி விடை.

குறை கண்டால் மூன்று தரம்: நெருக்கடி, பெரிது, சிறிது. பெரிய குறையை 90 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் சான்றை இடைநிறுத்துவார்கள். வேண்டுமென்றே செய்த மோசடி முதலியவை நெருக்கடித் தரம், அதில் சான்றே கிடைக்காது. ஐ.எஸ்.சி.சி. சான்று ஓராண்டுக்கு. பொன்சுக்ரோ மூன்றாண்டுக்கு, இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு.

படி 9: விற்பனையும் சுங்கமும்

சான்று கையில் வந்த பிறகுதான் வரி என்ற சுவர் தெரியும். எத்தனாலுக்கான சுங்கத் தலைப்பு 2207. குடிக்க முடியாதபடி மாற்றுப்பொருள் கலக்காத எத்தனால் 2207 10இல் வரும், ஐரோப்பிய வரி 100 லிட்டருக்கு 19.2 யூரோ. கலந்தது 2207 20, அதற்கு 10.2 யூரோ. 1 கோடி லிட்டர் கொண்ட ஒரு கப்பல் சரக்குக்கு முதல் வகையில் 19.2 லட்சம் யூரோ வரி. இரண்டாவது வகையில் அனுப்பி மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஜெர்மனி போன்ற நாடு தன் எரிபொருள் கடமைக்குக் கலக்காத வகையை மட்டுமே ஏற்கிறது. சரக்கு எந்த நாட்டில் எரியப் போகிறது என்று வாங்குபவரிடம் கேட்டுவிட்டுத் தலைப்பைத் தீர்மானியுங்கள்.

பிரேசில் உள்ளிட்ட தென் அமெரிக்க நாடுகளின் மெர்கோசுர் கூட்டமைப்போடு ஐரோப்பா 2024 டிசம்பரில் பேசி முடித்த ஒப்பந்தத்தில் எத்தனாலுக்கு ஒதுக்கீடு உண்டு: வேதித் தொழிலுக்கு 4.5 லட்சம் டன் வரியில்லாமல், எல்லாப் பயன்பாட்டுக்குமாக 2 லட்சம் டன் மூன்றில் ஒரு பங்கு வரியில், படிப்படியாக. எரிபொருள் விற்பவருக்கு உதவுவது இரண்டாவதுதான். ஒதுக்கீட்டின் அன்றைய நிலையைச் சுங்க முகவரிடம் கேட்காமல் விலை சொல்லாதீர்கள்.

தரத்தில், பெட்ரோலில் கலக்க ஐரோப்பா கேட்பது நீர் நீக்கிய எத்தனால். நீர் எடையில் 0.3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிரேசில் பம்புகளில் தனியாக விற்கும் நீர் கலந்த வகையை அப்படியே அனுப்ப முடியாது.

ஒவ்வொரு சரக்கோடும் நிலைத்தன்மைச் சான்றாவணம் போக வேண்டும். விற்பவர், வாங்குபவர், சான்று எண், மூலப்பொருள், விளைந்த நாடு, அளவு, கார்பன் எண் உடைப்பு, ஆலை இயங்கத் தொடங்கிய காலம் ஆகியவை அதில் இருக்கும். இந்தப் பரிவர்த்தனைகளைப் பதிவு செய்ய ஐரோப்பிய ஆணையம் ஒன்றியத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது, ஜெர்மனிக்கு நபிசி என்ற தனி முறையும் உண்டு. ஆவணத்தில் உள்ள அளவும் கப்பல் ஏற்றுச் சீட்டின் அளவும் வெப்பநிலைத் திருத்தத்தில் வேறுபடும். எந்த வெப்பநிலையில் அளந்தது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு வரும் தகராறில் பாதி குறையும்.

சான்று பார்க்காத இடம்

இத்தனையும் சரியாகச் செய்த ஆலை, தன் கரும்பு காட்டை அழிக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்லலாம். அந்தக் கரும்பு வந்ததால் வேறிடத்துக்கு நகர்ந்த மாடுகள் எங்கே மேய்கின்றன என்பதை அதன் சான்று சொல்லாது. இந்த மறைமுக நில மாற்றத்துக்கு ஐரோப்பிய நெறிமுறையில் சர்க்கரைப் பயிர்களுக்கு மெகாஜூலுக்கு 13 கிராம் என்ற எண் இருக்கிறது. அறிக்கையில் எழுதுவதற்கு மட்டும்தான் அது, தகுதிக் கணக்கில் சேராது. சேர்த்தால் 28.6 என்பது 41.6 ஆகி, சேமிப்பு 56 சதவீதத்துக்கு இறங்கும். கலிஃபோர்னியா 11.8 கிராமைச் சேர்த்தே கணக்கிடுகிறது. அமெரிக்கக் கூட்டரசு விதியும் கோர்சியாவும்கூட இந்த மறைமுக மாற்றத்தைக் கணக்கில் எடுக்கின்றன.

2009இல் பிரேசில் அரசு அமேசானிலும் பந்தனால் சதுப்பு நிலத்திலும் புதிய கரும்பு சாகுபடியைத் தடுக்கும் மண்டல ஆணை ஒன்றைப் போட்டது. 2019இல் அதை ரத்து செய்தது. அந்த ஆணை இருந்தவரை ஆலைகள் தணிக்கையாளரிடம் காட்ட எளிதான ஒரு வரைபடம் இருந்தது. இன்று அந்தப் பொறுப்பு ஒவ்வோர் ஆலையின் மேலும் விழுந்திருக்கிறது. அதனால் சட்டம் கேட்பதோடு நிற்காமல், விரிவாக்கத்துக்குச் சீரழிந்த மேய்ச்சல் நிலத்தை மட்டுமே எடுப்போம் என்று ஆலை தானாகவே எழுதி வைப்பது நல்லது. வாங்குபவர்கள் இந்தக் கேள்வியை இனி அதிகமாகவே கேட்பார்கள்.

சரக்கு போன பிறகு

ஆவணங்களைக் குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். எடைச் சீட்டு, உர பில், டீசல் பில், எல்லைக்கோட்டுக் கோப்பு, தொட்டி அளவு, விற்பனை ஆவணம் எல்லாமே இதில் அடங்கும். ஏப்ரலில் அரவை தொடங்கும் ஆலையானால் ஜனவரியிலேயே அந்தப் பருவத்துக்கு வரும் வயல்களின் பட்டியலை இறுதி செய்யுங்கள். புதிதாகக் குத்தகைக்கு எடுக்கும் ஒவ்வொரு வயலின் எல்லைக்கோட்டையும் கையெழுத்துப் போடும் முன் 2008 படத்தோடு ஒப்பிடுங்கள். குத்தகை ஒப்பந்தம் போட்ட பிறகு கண்டுபிடித்தால், அந்தக் கரும்பு கட்டை முடியும்வரை ஐந்தாறு ஆண்டுக்கு உங்கள் ஆலைக்குச் சான்றில்லாத கரும்பாகவே வந்துகொண்டிருக்கும்.